சீ சீஃப் கடிகாரத்துக்கு ஒன்பதாயிரமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பார்த்த ஃபேவர் லூபா கம்பெனியின் பழைய ஸ்விஸ் கைக்கடிகாரமான சீ சீஃபுக்கு ஒன்பதாயிரம் சொல்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் அந்த விலைக்கு வேண்டாம்.

உங்கள் படத்தில் கேஸின் (வெளிக்கூட்டின்) பட்டை மாட்டும் கொம்புகள் தேய்ந்து மழுங்கிக் கிடக்கின்றன. டயல் மட்டும் நேற்று அடித்த பெயின்ட் போல மின்னுகிறது. கடைக்காரர் சொல்வதுபோல் பெட்டியை விட்டு எடுக்காத செட்டியார் வீட்டுப் பொருள் என்றால் கேஸ் எப்படித் தேயும்? லென்ஸ் வைத்து ஆறு மணிக்குக் கீழே உள்ள 'ஸ்விஸ் மேட்' எழுத்தைப் பாருங்கள். அசலில் ஊசி முனை போல இருக்கும். மறுபடி அச்சடித்ததில் மை கசிந்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகளும் சீராக நிற்காது. மும்பைப் பக்கமிருந்து இப்படிப் புது டயல் ஏற்றிய கடிகாரங்கள் மூட்டை மூட்டையாக வருகின்றன.

அப்புறம், பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள். 1962இல் வந்த எஃப்எல் (ஃபேவர் லூபா) 250 வரிசை மெஷின் என்றால் இரண்டு பேரல், அதாவது சாவி ஸ்பிரிங் சுருண்டிருக்கும் உருளைகள், இருக்கும். அதுவும் இருந்து, கம்பெனி பெயரும் பொறித்திருந்தால் பாதி விலைக்குக் கேளுங்கள். கேஸுக்கு மட்டும் பாலிஷ் போட்டுவிடாதீர்கள், சரியா?