விளிம்பைப் பாருங்கள்! பழைய மெடல்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ராணுவத்தில் இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு மெடல் கிடைத்தது. மூவர்ண ரிப்பன். ஒரு பக்கம் அசோகர் தூணின் சிங்கங்கள், 1947 ஆகஸ்ட் 15 தேதி. மறுபக்கம் அசோகச் சக்கரத்தின் மேல் பிரிட்டிஷ் கிரீடம்! தவறாக அச்சடித்த அபூர்வ மெடல், லட்சக்கணக்கில் போகும் என்கிறார் தெரிந்தவர். நம்பலாமா? (வேலூர் வாசகர்)

பதில்: நம்பாதீர்கள். அது இந்திய சுதந்திர மெடல், அந்த மெடலே அப்படித்தான். சுதந்திரம் வந்தாலும் 1950 ஜனவரி 26 வரை நாம் டொமினியன்தான், அதாவது தன்னாட்சி இருந்தாலும் பிரிட்டிஷ் மன்னரையே தலைவராகக் கொண்ட நாடு, ஆறாம் ஜார்ஜ்தான் மன்னர், 1948-ல் அவர் பெயரிலேயே இந்த மெடலும் நிறுவப்பட்டது. சக்கரத்தின் தலையில் கிரீடம் ஏறியது அதனால்தான். வெள்ளிகூட இல்லை, செப்பும் நிக்கலும் கலந்தது. இணைந்த சமஸ்தானங்களின் படைகள் உட்பட ஏராளமானோருக்குக் கொடுத்ததால், இன்றும் நாணயக் கண்காட்சிகளில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள்: எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் எல்லாம் பொறித்திருக்கும். அந்த எண் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக்கில் (படையை விட்டு வரும்போது கொடுக்கும் புத்தகம்) உள்ள எண்ணோடு ஒத்துப்போனால் இரண்டையும் ஒரே உறையில் வையுங்கள், சேகரிப்பவர்கள் தேடுவது அந்த ஜோடியைத்தான். பெட்டியில் உலகப் போர் மெடல்களும் இருந்தால் தனித்தனியாக விற்கவே விற்காதீர்கள். அப்புறம் ஒரு விஷயம், 1939-45 வார் மெடல் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதில் மன்னர் தலையைச் சுற்றி லத்தீனில் இந்தியாவின் சக்கரவர்த்தி என்றும் இருக்கும்; சுதந்திர மெடலில் அது காணாமல் போயிருக்கும். 1948 ஜூனில் அந்தப் பட்டத்தையே விட்டுவிட்டார்கள்.

கேள்வி: 1911 டெல்லி தர்பார் வெள்ளி மெடல் விலைக்கு வருகிறது. விளிம்பில் பெயர் இல்லை, போலியா? கறுத்தும் கிடக்கிறது, விபூதி போட்டுத் தேய்க்கலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: ஐயோ, விபூதியைக் கீழே வையுங்கள்! குத்துவிளக்குக்கு அது சரி. மெடலில் அந்த முடிசூட்டு தர்பாரை நடத்திய மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், ராணி மேரி இருவர் முகங்களும் சேர்ந்தாற்போல் இருக்கும், அவற்றின் மெல்லிய கோடுகள்தான் முதலில் தேய்ந்து போகும். அந்தக் கறுப்பு இருப்பதே நல்லது, தெரிந்தவர்கள் பளபளப்பைப் பார்த்தால் விலையைக் குறைப்பார்கள். விளிம்பை மட்டும் பிடித்து எடுங்கள், மலிவான பி.வி.சி. பிளாஸ்டிக் உறையும் வேண்டாம்.

பெயர் இல்லாதது குறையே அல்ல, பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். சிலர் பிற்பாடு சொந்தச் செலவில் பொறித்துக்கொண்டதும் உண்டு. அதனால் இன்னார் வாங்கியது என்று விற்பவர் கதை சொன்னால் காகிதம் கேளுங்கள், இல்லையென்றால் மெடலுக்கு மட்டும் பணம் கொடுங்கள், கதைக்குக் கொடுக்காதீர்கள். மறுபக்கம் பாரசீக எழுத்து, கருநீல ரிப்பனின் நடுவே இரண்டு சிவப்புக் கோடுகள், இவை இருக்கின்றனவா பாருங்கள். தங்கத்தில் அடித்தவை வெறும் 200தான், ஆகவே யாராவது தங்கம் என்றால் முலாமா என்று முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அதே தர்பார் மெடலை சிங்கப்பூரில் உள்ள மச்சானுக்கு அனுப்பலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: வேண்டாம். நூறு வயது தாண்டிய பொருள், 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தில் மாட்டும், தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. மச்சான் ஊருக்கு வரும்போது காட்டுங்கள்.