20 லட்சத்தில் அட்டைப்பெட்டித் தொழில்: மானியக் கடனுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த எனக்கு வயது 26. பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவன். ஈரோடு மாவட்டத்தில், ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊரில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் தொழிற்கூடம் தொடங்க விரும்புகிறேன். சுமார் 20 லட்சம் ரூபாய் தேவைப்படும். எந்த அரசுத் திட்டம் எனக்குப் பொருந்தும்? வங்கி சொத்துப் பிணை கேட்குமா? இயந்திரத்துக்கு இப்போதே முன்பணம் கட்டிவிடலாமா?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். மானியத் திட்டங்கள் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கானவை. கடன் ஒப்புதலாகும் முன்பே வாங்கிய இயந்திரத்துக்கு வங்கி பணம் தராது. இயந்திரம் விற்பவரிடம் ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய விலைப்புள்ளியை மட்டும் வாங்கி வையுங்கள். ஒப்புதல் கிடைத்ததும் வங்கியே அவருக்கு நேரடியாகப் பணம் செலுத்தும்.

உங்கள் நிலைக்கு இரண்டு திட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசின் 'நீட்ஸ்' திட்டம் (புதிய தொழில்முனைவோர், தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம்) டிப்ளமோ படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு உரியது. திட்ட மதிப்பில் 25 சதவீத மானியமும், கடன் வட்டியில் 3 சதவீதச் சலுகையும் அதில் உண்டு. மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். ஊரகப் பகுதியில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதமும், சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம் தரப்படுகிறது. பெண்கள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகள் மட்டுமல்லாமல் இதர பிற்படுத்தப்பட்டோரும் சிறப்புப் பிரிவில் அடங்குவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சாதிச் சான்றிதழை மட்டும் இணைத்துவிட்டு 25 சதவீதத்தோடு நின்றுவிடாமல், மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழைப் பெற்று விண்ணப்பியுங்கள். 20 லட்ச ரூபாய்த் திட்டத்துக்கு நீட்ஸ் மானியம் 5 லட்சம், பி.எம்.இ.ஜி.பி. மானியம் 7 லட்சம். வட்டிச் சலுகையைக் கணக்கில் சேர்த்தாலும், இந்த அளவிலான திட்டத்துக்கு நான் பி.எம்.இ.ஜி.பி.யையே பரிந்துரைப்பேன். திட்ட மதிப்பு 50 லட்சத்தைத் தாண்டினால் நீட்ஸை முதலில் பாருங்கள். ஒரு திட்டத்தில் மானியம் பெற்றவர் மற்றொன்றில் பெற முடியாது என்பதால் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். முத்ரா கடனில் மானியம் கிடையாது. அதைத் தனியாகக் கருதுங்கள்.

மானியம் நடைமுறையில் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பி.எம்.இ.ஜி.பி.யில் உங்கள் பங்கு 5 சதவீதம், அதாவது 1 லட்சம் ரூபாய். மீதி 19 லட்சத்தை வங்கி கடனாகத் தரும். மானியமான 7 லட்சம் உங்கள் கைக்கு வராது. அது வங்கியில் உங்கள் பெயரில் மூன்று ஆண்டுகளுக்கு வைப்புத்தொகையாகப் பூட்டி வைக்கப்படும். அந்த வைப்புத்தொகைக்கு வட்டி இல்லை. அதற்கு ஈடான கடன் தொகைக்கும் வங்கி வட்டி வாங்காது. ஆக, மானியம் வந்த பிறகு 12 லட்சம் ரூபாய்க் கடனுக்கு மட்டுமே உங்களுக்கு வட்டி. மூன்று ஆண்டுகள் கழித்து, தொழிற்கூடம் உண்மையில் இயங்குகிறதா என நேரில் ஆய்வு செய்தபின், அந்தத் தொகை கடனில் கழிக்கப்படும். இடையில் கதவை மூடினால் மானியம் உங்களுக்கு இல்லை.

பிணையைப் பொறுத்தவரை, குறு, சிறு தொழில்களுக்கு ஒரு வரம்பு வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. முன்பு 10 லட்சம் ரூபாயாக இருந்த இந்த வரம்பு, 2026 ஏப்ரல் முதல் ஒப்புதலாகும் கடன்களுக்கு 20 லட்சம் ரூபாய். அதற்கு மேற்பட்ட தொகைக்கு சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்னும் கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் கடனைக் கொண்டுவரும்படி மேலாளரிடம் எழுத்துமூலமாகக் கேளுங்கள். அதற்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதைவிட அதைக் கட்டுவது மேல்.

விண்ணப்பத்தை இணையத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். மாவட்டத் தொழில் மையம் அதைப் பரிசீலித்து வங்கிக்கு அனுப்பும். கடன் தருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது வங்கியே. எனவே உங்கள் உழைப்பில் பெரும்பகுதி திட்ட அறிக்கைக்குப் போக வேண்டும். முகவர்கள் தயாரித்துத் தரும் அறிக்கைகளில் முதல் ஆண்டிலேயே முழுத் திறனில் உற்பத்தி நடப்பதாகக் காட்டியிருப்பார்கள். அனுபவமுள்ள கடன் அலுவலர் அதை ஒரே பார்வையில் கண்டுகொள்வார். உங்கள் அறிக்கையில் 3 பிளை (மூன்று அடுக்கு), 5 பிளை பெட்டி எதில் தொடங்குகிறீர்கள், பெட்டி செய்யும் பழுப்பு நிற கிராஃப்ட் காகிதம் ஒரு கிலோ இன்று என்ன விலை, அந்த விலை ஏறினால் உங்கள் லாபம் எவ்வளவு குறையும், வெட்டுக்கழிவு எத்தனை சதவீதம் ஆகும் என்பவை தெளிவாக இருக்கட்டும். சுற்றுவட்டாரத்து ஜவுளி, உணவுப் பொருள் நிறுவனங்கள் இரண்டு மூன்றிடம் 'தரம் சரியாக இருந்தால் மாதம் இத்தனை பெட்டி வாங்கிக்கொள்கிறோம்' என்று கடிதம் வாங்கி இணையுங்கள். மேலாளர் கேட்கும் முதல் கேள்வி, 'யார் வாங்குவார்கள்?' என்பதாகவே இருக்கும்.

நடைமுறை மூலதனத்தைக் குறைத்துக் காட்டாதீர்கள். காகித வியாபாரி புதியவருக்குக் கடன் கொடுக்கத் தயங்குவார். பெட்டி வாங்குபவரோ ஒரு மாதம், இரண்டு மாதம் தவணை கேட்பார். முழுத் தொகையையும் இயந்திரத்தில் போட்டுவிட்டுக் காகிதம் வாங்கப் பணமில்லாமல் நிற்பதே இத்தகைய சிறு தொழிற்கூடங்களை முதல் ஆண்டிலேயே முடக்குகிறது. நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

மானிய ஒதுக்கீடு நிதியாண்டு தோறும் மாறுவதால், விண்ணப்பிக்கும் முன் ஈரோடு மாவட்டத் தொழில் மையத்தில் நடப்பு ஆண்டின் இலக்கையும் விதிகளையும் விசாரித்துவிடுங்கள். தொழில் தொடங்கியவுடன், குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் 'உத்யம்' பதிவைச் செய்துவிடுங்கள், அதுவும் இலவசம். அந்தப் பதிவு இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, உங்களிடம் பெட்டி வாங்கிய நிறுவனம் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் கூட்டு வட்டியுடன் வசூலிக்க, அரசு அமைத்துள்ள வசதியாக்க மன்றத்தில் நீங்கள் முறையிடலாம்.