குவில்ட்டிங் செய்வதில் என்ன சந்தோஷம் இருக்கிறது? டிசைனுக்கு யோசனை எங்கிருந்து கிடைக்கும்?

கேள்வி கேட்டவர் விளக்கத்தில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்: துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வை தைப்பதைக் கற்றுக்கொள்ள ஆசை, ஆனால் தையல் மெஷின் இல்லை, மெஷின் இல்லாமல் முடியுமா என்று. முடியும். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் யோசனை எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமும் அங்கேதான் இருக்கிறது.

ஆறு வருடமாகத் தைக்கிறேன், இதுவரை பதினோரு போர்வை முடித்திருக்கிறேன். ஒன்றுக்குக்கூட உட்கார்ந்து டிசைன் வரைந்து ஆரம்பித்ததில்லை. துணி எந்த உருவத்தில் கைக்கு வந்ததோ அதுதான் போர்வையின் உருவத்தையும் தீர்மானித்தது.

என் அப்பா மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் டெய்லர் கடை வைத்திருந்தார். மே, ஜூன் வந்தால் வீட்டில் பேச்சே இருக்காது, பள்ளிச் சீருடைதான். காக்கி, மெரூன், கருநீலம், வெள்ளை என்று மெஷினுக்கடியில் வெட்டுத்துணி மலையாகக் குவியும். அதில் நான் சின்ன வயதிலேயே கவனித்த ஒன்று உண்டு. பேண்ட் வெட்டினால் மிஞ்சுவது நீளநீளமான பட்டை. ஜாக்கெட் வெட்டினால் அக்குள் வளைவுத் துண்டும் முக்கோணமும் மிஞ்சும். சட்டையில் கழுத்துப் பக்கம் பிறை மாதிரி ஒரு துண்டு விழும். எந்தத் துணி எந்த உடுப்பானது என்பதை மிச்சத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அப்பா கடையை மூடியபோது இரண்டு சாக்கு நிறைய வெட்டுத்துணி வீட்டுக்கு வந்தது. மெஷின் துடைக்க, அடுப்பில் பாத்திரம் இறக்க என்று கொஞ்சம் போனது. மீதியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. பெரும்பாலும் காக்கிப் பட்டைகள். பட்டையை வைத்து என்ன செய்ய முடியும்? நடுவில் ஒரு சதுரத் துண்டை வைத்து, அதன் ஒரு பக்கத்தில் பட்டையைத் தைத்து, மிச்சத்தை வெட்டிவிட்டு, அடுத்த பக்கத்தில் இன்னொரு பட்டை, அப்புறம் அடுத்த பக்கம் என்று சுற்றிக்கொண்டே போனேன். கோயில் பிராகாரம் மாதிரி ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரம் பெரிதானது. யாரும் சொல்லித்தரவில்லை, பட்டை நீளமாக இருந்ததால் அப்படித்தான் தைக்க வந்தது.

இரண்டு வருடம் கழித்து இணையத்தில் ஒரு படம் பார்த்தேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் தைத்த போர்வை. அச்சு அசலாக என் காக்கிப் போர்வையின் அமைப்பு. அங்கே அதற்கு ‘ஹவுஸ்டாப்’ என்று பெயர், வீட்டுக் கூரை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை. எங்கோ இருக்கிற பெண்களின் கையும் என் கையும் ஒரே மாதிரி துணியிலிருந்து ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன!

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த இடம். ஒரு காலத்தில் பெட்வே என்ற முதலாளி குடும்பத்தின் பருத்திப் பண்ணை. அங்கே அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் சந்ததியினர்தான் இன்றைக்கும் ஊரில் பெரும்பாலானவர்கள். பலருக்குக் குடும்பப் பெயரே பெட்வேதான். குளிர் நுழையும் மர வீடுகள். கடைக்குப் போய்த் துணி வாங்கக் காசு கிடையாது. 1960களில் அந்த மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கிளம்பியபோது, ஆற்றைக் கடக்க இருந்த படகுப் போக்குவரத்தையும் அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். திரும்ப வந்தது 2006ல்தான். ஆக, உழைத்துக் கிழிந்த உடுப்பும் மாவுச் சாக்கும்தான் போர்வைக்குத் துணி.

அந்த வேலை உடுப்புப் போர்வைகளை உற்றுப் பாருங்கள். வெளுத்த நீலத்துக்கு நடுவே, பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் அடர்நீலமாக நிற்கும். வெயில் படாமல் இருந்த துணி. முழங்கால் இருந்த இடத்தில் ஒட்டுத் தெரியும். மிசூரி பெட்வே என்பவர் 1942ல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளை எடுத்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதற்குள் படுத்துக்கொள்ள. 1972ல் பக்கத்திலிருந்த பெண்கள் கூட்டுறவுக்கு, சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்காகக் கார்டுராய் (வரிவரியாக மேடு ஓடும் துணி) தலையணை உறை தைக்கும் வேலை வந்தது. அந்த வெட்டுத்துணியும் ஊருக்குள் போனது, போர்வைகளின் நிறமும் மாறியது. கார்டுராய் தடிமன், சின்னதாக வெட்டித் தைக்க வராது. அதனால் பெரிய பெரிய கட்டங்கள் வந்தன. இதே போர்வைகள்தான் 2002ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. 2006ல் தபால் தலையாகவும் வந்தன.

‘இன்ஸ்பிரேஷன்’ என்று கேட்கிறீர்களே, எனக்கு அது இதுதான். கடையில் நாற்பது நிறத்தில் துணி அடுக்கி வைத்திருந்தால் என்னால் ஒன்றும் யோசிக்க முடியாது. கையில் இருப்பது காக்கியும் மெரூனும் மட்டும், அதுவும் பட்டையாகத்தான் என்றால் மூளை உடனே ஓட ஆரம்பிக்கிறது.

துணியைத் தவிர வெளியிலிருந்து யோசனை எடுத்தது ஒரே ஒரு தடவை. காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பார்த்தேன். கண்ணாடி மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்ட் கலவையைக் கையால் ஊற்றுகிறார்கள். ஒரு கல்லைத் தனியாகப் பார்த்தால் ஒரு மூலையில் கால் பூ, அவ்வளவுதான். நாலு கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தால் நடுவில் முழுப் பூ வந்து நிற்கிறது. குவில்ட்டில் திரும்பத் திரும்ப வைத்துச் சேர்க்கும் ஒரு கட்டத்தைப் ‘பிளாக்’ என்பார்கள், அதுவும் இதேதான். வீட்டுக்கு வந்ததும் ஜாக்கெட் வெட்டுத்துணி முக்கோணங்களைத் தேடி எடுத்து, வெளிறியது ஒன்றும் அடர்த்தியானது ஒன்றுமாகச் சேர்த்துத் தைத்தேன். அதில் கற்றுக்கொண்டது, நிறம் எது என்பதைவிட வெளிறலா அடர்த்தியா என்பதுதான் வடிவத்தைக் காட்டும். சந்தேகமாக இருந்தால் துண்டுகளைத் தரையில் பரப்பிப் போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வேறு வேறு என்று நினைத்த பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாகத் தெரியும்.

சறுக்கலும் உண்டு. இரண்டாவது போர்வைக்கு வெள்ளை வேட்டித் துணியும் மெரூன் பாப்ளினும் போட்டேன். நாலு மாத வேலை. முதல் துவைப்பிலேயே மெரூன் சாயம் இறங்கி வெள்ளை முழுக்க ரோஸ் ஆகிவிட்டது. அன்றைக்கு அழுதேன். இப்போதெல்லாம் எந்தத் துணியாக இருந்தாலும் முதலில் தனித்தனியாக நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்திப் பார்த்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி எடுப்பேன். பருத்தியையும் டெரிகாட்டனையும் ஒரே போர்வையில் கலப்பதும் கிடையாது. பருத்தி சுருங்கும், அது சுருங்காது, தையல் இழுத்துக்கொள்ளும்.

அப்புறம் வெயில். மேல்நாட்டுக் குவில்ட் மூன்று அடுக்கு: மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி. மதுரைச் சூட்டில் பஞ்சு வைத்ததை யார் போர்த்துவது? இதற்கு வழி கிடைத்தது கர்நாடகத்திலிருந்து. உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தைப்பதற்குக் ‘கவந்தி’ என்று பெயர். பஞ்சே இல்லை. பழைய சேலையை விரித்து, ஓரத்திலிருந்து ஆரம்பித்து, துண்டின் விளிம்பை மடித்து மடித்து வைத்து, ஓட்டுத் தையலாகவே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போகிறார்கள். ஒட்டுவதும் அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதும் ஒரே வேலையில் முடிந்துவிடுகிறது. நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து ‘பூலா’ வைக்காமல் போர்வை முடிந்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பூலா என்றால் பூ. கடைசி மூன்று போர்வைகளையும் இந்த முறையில்தான் தைத்தேன். மார்கழியில் இதமாக இருக்கிறது, சித்திரையில் கீழே விரித்தும் படுக்கலாம்.

அப்பாவுக்கு இப்போது பார்வை மங்கல். முதலில் தைத்த காக்கிப் போர்வையை அவர்தான் வைத்திருக்கிறார். ஒருநாள் மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து விரலால் ஒவ்வொரு பட்டையாகத் தடவிக்கொண்டிருந்தார். தையல் மேட்டில் விரல் நிற்கும், அடுத்த துணிக்குப் போகும். “பாப்பா, இது தடிமனா இருக்கே, இது பஸ் டிரைவருக்குத் தைச்சது. கீழ இருக்கிறது பள்ளிக்கூடத்து டவுசர். ரெண்டும் ஒரே காக்கின்னு நெனச்சியா?” என்றார். நான் நிறத்தைப் பார்த்து ஒன்று என்று நினைத்துதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். அதிலிருந்து துணி எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

சரி, மெஷின் விஷயம். கவந்திக்கு மெஷினே தேவையில்லை, ஊசி நூல் போதும். மெஷின் தையல் மாதிரி கோடு நேராக ஓடாது, ஓட வேண்டியதும் இல்லை. முதலில் பெரிய போர்வைக்குப் போகாதீர்கள். குழந்தைப் போர்வை ஒன்று, 5 அங்குலச் சதுரமாக 80 துண்டு வெட்டி, அகலத்துக்கு 8, நீளத்துக்கு 10 என்று வையுங்கள். எல்லாப் பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் 36க்கு 45 அங்குலம் வரும். அந்தக் கால் அங்குலத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஒவ்வொரு பக்கமும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடிப்போனாலே எட்டுச் சதுரத்தில் ஒரு அங்குலம் தவறி, வரிசைகள் ஒன்றோடொன்று சேராது. அளவில் அப்பா மாதிரி கறார் வராதென்றால் கவந்தியிலேயே ஆரம்பியுங்கள், அதில் துண்டுகளுக்கு அளவே கிடையாது. நடுவிரலில் உலோகத் தொப்பி மாட்டிக்கொள்ளுங்கள். நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும்.

வீட்டில் பழைய பருத்திச் சேலை இரண்டு இருந்தால் அதுவே போதும். பீரோவைத் திறந்து, எதற்குக் கரை அகலம், எது எங்கே கிழிந்திருக்கிறது, கிழிசலை விட்டு எவ்வளவு நீளம் தேறும் என்று பார்த்து எழுதுங்கள். பின்னூட்டத்தில் போட்டால் எப்படி வெட்டலாம் என்று சேர்ந்து யோசிக்கலாம்.