யார் விளைவித்த சோறு?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் மடிந்த அயர்லாந்துக்காரர் பாட்ரிக் கிளெபர்ன், அடிமைகளை விடுவிக்கச் சொன்ன தென்தரப்புத் தளபதியாமே! பஞ்சம் பிழைக்கப் போன ஏழை, தஞ்சம் தந்த மண்ணுக்காக உயிரைக் கொடுத்தார். அவரைக் கர்ணன் என்று சொன்னால் தப்பா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன் அந்த 'ஏழை'யை எடுத்துவிடுங்கள். அயர்லாந்தின் கார்க் மாவட்டத்து டாக்டர் வீட்டுப் பிள்ளை அவர். டப்ளினில் மருந்தாளர் தேர்வில் தோற்று, வீட்டார் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, 1846-ல் பிரிட்டிஷ் ராணுவத்தில் போய்ச் சேர்ந்தார். உருளைக்கிழங்கு அழுகி ஊர் ஊராக ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், அதே அயர்லாந்தில் பிரிட்டிஷ் ராணியின் சிவப்புச் சீருடையை மாட்டிக்கொண்டு பாராக் கொடுத்தார். பஞ்சம் அவர் குடும்பத்தையும் நொடிக்க வைத்தது, அதை மறுக்கவில்லை. 1849-ல் பணம் கட்டிப் பட்டாளத்திலிருந்து விலகி, கூடப்பிறந்தவர்களோடு கப்பலேறினார்.

போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்கத் தென் மாநிலமான ஆர்கன்சாவில் ஹெலினா என்ற ஆற்றங்கரை ஊர். மருந்துக்கடை வேலை, பிறகு அதே கடையில் பங்கு, பிறகு வக்கீல் தொழில். மஞ்சள் காய்ச்சல் பரவி ஊரே ஓடியபோது இவர் ஓடாமல் இருந்து நோயாளிகளைக் கவனித்தார். ஊருக்குப் பிடித்துப்போனது. தென் மாநிலங்கள் அடிமை முறையைக் காக்கத் தனி நாடாகப் பிரிந்த 1861-ல் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் விஷயத்தை உடைத்தே சொல்கிறார்: நான் கறுப்பர்களை வைத்திருந்ததில்லை, அவர்களைப் பற்றி எனக்கு அக்கறையும் இல்லை, ஆனால் இந்த மக்கள் எப்போதும் என் பக்கம் நின்றவர்கள்.

செஞ்சோற்றுக் கடன், சரி. ஹெலினாவைச் சுற்றி இருந்தது அடிமைகள் உழைத்த பருத்திக்காடு. சோற்றைப் போட்டவர்களை நன்றியோடு நினைத்தவர், அதை விளைவித்தவர்களை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார். அயர்லாந்தில் பிறந்த ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் எதிர்த்தரப்பில் வடக்கின் சீருடையில் நின்றார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது அந்த விடுதலை யோசனைக்கு வருவோம். 1864 ஜனவரி 2, ஜார்ஜியாவில் டால்டன் முகாம். கூடியிருந்த தளபதிகள் முன் கிளெபர்ன் ஒரு மனுவைப் படித்தார். நம்மிடம் ஆள் இல்லை. அடிமைகளைப் படையில் சேர்ப்போம், விசுவாசமாக இருப்பவர்களுக்கு விடுதலை கொடுப்போம். அடிமை முறையா, நாட்டின் சுதந்திரமா என்றால் முன்னதை விட்டுவிடுவோம். இது கருணை மனு அல்ல, ஆள் கணக்கு. ஆனாலும் அந்த அறையில் அதை வாய்விட்டுச் சொல்லத் துணிச்சல் வேண்டும். ஒரு தளபதி கொதித்துப் போய் தென்தரப்பின் ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸுக்கே அனுப்பிவிட்டார். டேவிஸ், இந்தப் பேச்சு வெளியே வரவே கூடாது என்று உத்தரவிட்டார். அதற்குப் பின் கிளெபர்னுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. காரணம் இந்த மனுதான் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அதே ஆண்டு நவம்பர் 30, டென்னசியில் பிராங்க்ளின். அரணுக்குப் பின்னால் பதுங்கியிருந்த வடக்குப் படையை நோக்கி, இரண்டு மைல் வெட்டவெளியில் நேராக ஏறிப் போகச் சொன்னார் தென்தரப்புப் படைத்தலைவர் ஹூட். முட்டாள்தனமான கட்டளை. கிளெபர்ன் ஏறிவந்த குதிரை குண்டுபட்டு விழுந்தது. இன்னொன்று கொண்டுவந்தார்கள், அதுவும் விழுந்தது. தொப்பியை உயர்த்தி ஆட்டியபடி புகைக்குள் நடந்தே போனார். மறுநாள் அவர் உடலைக் கண்டெடுத்தபோது காலில் பூட்ஸ் இல்லை. இரவோடு இரவாக யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பக்கத்துப் பண்ணை வீட்டின் பின்தாழ்வாரத்தில், செத்த மற்ற தளபதிகளோடு அவரையும் கிடத்தினார்கள்.

1865 மார்ச்சில் கறுப்பர்களைப் படையில் சேர்க்கும் சட்டத்தில் அதே டேவிஸ் கையெழுத்துப் போட்டார். அதிலும் விடுதலை என்ற வார்த்தை இல்லை. கிளெபர்னைப் புதைத்து அப்போது மூன்றரை மாதம்.