வரலாறு படித்தவர் சர்வதேச உறவுகள் படிக்கலாமா?

கேள்வி: நீலகிரி மாவட்டம் கூடலூரில் வசிக்கிறோம். மகள் பி.ஏ. வரலாறு இறுதியாண்டு படிக்கிறாள். முதுகலையில் சர்வதேச உறவுகள் படிக்க விரும்புகிறாள். பாடம் மாறுவது சரியாக வருமா? வெளியுறவுப் பணியில் சேர இந்தப் பட்டம் கட்டாயமா?

பதில்: கட்டாயமில்லை. இந்திய வெளியுறவுப் பணிக்கு யுபிஎஸ்சி நடத்தும் குடிமைப் பணித் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். அந்தப் பணி ஒன்றுக்காக மட்டுமே இப்படிப்பை எடுப்பதானால், நான் ஊக்குவிக்க மாட்டேன்.

பாடம் மாறுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். 1919இல் வேல்ஸிலுள்ள அபெரிஸ்ட்வித்தில் இத்துறைக்கென முதல் பேராசிரியர் இருக்கை நிறுவப்பட்டபோது, அதில் அமர்ந்த ஆல்ஃபிரட் சிம்மர்ன் பண்டைய கிரேக்க வரலாற்று அறிஞரே. வரலாறு நடந்ததை விரிவாகச் சொல்லும். இத்துறையோ நடந்ததற்கான காரணத்தை எந்தத் தளத்தில் தேடுவது என்று கேட்கும். உங்கள் ஊரில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களை அறிந்திருப்பீர்கள். அவர்கள் வருகைக்கும், அவர்களில் பலருக்கு வேலையளித்த டான்டீ (தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களுக்கும் பின்னால் இருப்பது, இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964 அக்டோபரில் கையெழுத்திட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று, சம்பந்தப்பட்ட மக்களைக் கேளாமலே முடிவாயிற்று. நேரு மறைந்து சாஸ்திரி வந்ததைக் காரணமாகச் சொன்னால் அது தனிமனிதத் தளம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய இலங்கையின் உள்நாட்டு அரசியலைச் சொன்னால் அரசுத் தளம். 1962 சீனப் போருக்குப் பின் அண்டை நாடுகளின் நட்பு இந்தியாவுக்கு அவசரத் தேவையானதைச் சொன்னால் உலக அமைப்புத் தளம். அமெரிக்க சர்வதேச உறவுகள் அறிஞர் கென்னத் வால்ட்ஸ் வகுத்த இந்த மூன்று தளங்களில் எது அதிகம் விளக்குகிறது என்று மகளை இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது ஆர்வம் கூடினால் தயங்காமல் சேர்க்கலாம். பெயர்களும் தேதிகளும் மட்டுமே நிரம்பினால், வரலாற்றிலேயே முதுகலை படிப்பது அவருக்குப் பொருந்தும்.

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் (ஜேஎன்யூ), நமக்கு அருகில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் இதற்கான முதுகலை உண்டு. இரண்டுக்கும் க்யூட்–பிஜி எனும் முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அண்மை ஆண்டுகளில் அது மார்ச் மாதத்தில் நடப்பதால், இறுதிப் பருவத் தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் ஓராண்டு வீணாகும். வரலாற்று மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது பொருளாதாரத்தில்தான். அந்நியச் செலாவணி, வணிகப் பற்றாக்குறை அளவிலேனும் இப்போதே படிக்கத் தொடங்கட்டும்.