டைம்ஷீட்டில் ஏற்றிய மணிகள்

அன்புள்ள ஐயா,

ஆறு வருடமாக ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வருடா வருடம் நன்னடத்தை விதிகள் பற்றி ஆன்லைன் பயிற்சி, எல்லாரும் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்தி சர்டிபிகேட் வாங்கிவிடுவோம். அதே வாரம் மேனேஜர், நாங்கள் பார்க்காத வேலைக்கும் க்ளையண்டுக்குப் பில் போடும் டைம்ஷீட்டில் மணிகளை ஏற்றச் சொல்கிறார். இந்த விதிகளைப் படித்து யாராவது திருந்தியிருக்கிறார்களா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

படித்துத் திருந்தியவரை நான் பார்த்ததில்லை. உங்கள் துறையிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 63 மாணவர்கள், 105 மென்பொருள்காரர்கள். சிலரிடம் ஏசிஎம் என்ற கணினித் துறையினர் சங்கத்தின் நெறிமுறையை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லியும், மற்றவர்களிடம் சொல்லாமலும், சில இக்கட்டான நிலைமைகளைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். பதில்களில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை.

ஆனால் வெறும் காகிதம் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. கணக்கு மோசடியில் திவாலான அமெரிக்க நிறுவனம் என்ரானின் 64 பக்க நெறிமுறைப் புத்தகத்தை எல்லாரும் கிண்டல் செய்வார்கள். அதன் நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ, கம்பெனியோடு வியாபாரம் செய்யும் நிறுவனங்களைத் தானே நடத்த ஆசைப்பட்டபோது கம்பெனி விதி குறுக்கே நின்றது, 1999இல் இயக்குநர் குழு கூடி அந்த விதியிலிருந்து அவருக்கு விலக்குக் கொடுத்த பிறகுதான் காரியம் நடந்தது. யாருமே மதிக்காத விதி என்றால் விலக்கு எதற்கு?

இளவயதில் ஓர் ஆடிட்டரிடம் எடுபிடியாக இருந்தேன். ஒரு மில்லின் கோடவுனில் நூல் மூட்டை கூரை வரை அடுக்கியிருக்கிறது. முதலாளி டீயோடு ஸ்டாக் பட்டியலையும் நீட்டி, "எல்லாம் எண்ணியாச்சு சார், கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். எங்கள் ஆடிட்டர் தைரியசாலியெல்லாம் இல்லை, பணக்காரர்கள் முன்னால் நாற்காலி நுனியில் உட்காருகிறவர். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்லீங்க, இன்ஸ்டிடியூட் விடாது, என் நம்பர் போயிடும்" என்றார். ஆடிட்டர்கள் சங்கம் கொடுத்த உறுப்பினர் எண்ணைத்தான் சொன்னார், அது போனால் தொழிலே போச்சு. சாயங்காலம் வரை மூட்டைகளை இறக்கி எண்ணினோம், என் தும்மல் மூன்று நாள் நிற்கவில்லை. "நான் மாட்டேன்" என்று சொல்ல வாய் வராத மனிதருக்கு விதி ஒரு சாக்கைக் கொடுத்தது. அதன் உபயோகம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன், அது சின்ன உபயோகம் இல்லை.

சரி, நம்பர் இருந்தால் மட்டும் போதுமா? சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணக்குகளில் கையெழுத்துப் போட்ட ஆடிட்டர்களுக்கும் நம்பர் இருந்தது. இல்லாத 5,040 கோடி ரூபாய் இருப்பதாகக் காட்டியதை 2009 ஜனவரியில் அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. சாக்கு கையில் இருந்தும் அதைத் தேடாதவர்களை எந்த விதியும் ஒன்றும் செய்யாது. நீங்கள் தேடுகிறீர்கள், அதனால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் போவதற்கு நம்பர் கிடையாது, வேலைதான் போகும் என்பதும் தெரியும்.

அடுத்த முறை மேனேஜர் சொல்லும்போது சண்டை போடாதீர்கள். "அந்தப் பயிற்சியில் க்ளையண்ட் பில்லிங் பற்றி ஏதோ வந்ததே சார், எத்தனை மணி போடணும்னு ஒரு மெயில் போட்டுடுங்க" என்று வெள்ளந்தியாகக் கேளுங்கள். மெயில் வந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.