தந்தை சம்பாதித்து அனுப்பினால் போதாதா? கத்தோலிக்கக் குடும்பத்தில் அவருடைய கடமை என்ன?

கேள்வி கேட்ட சகோதரி, தம் கணவர் ராணுவத்தில் பணியாற்றுகிறார் என்றும், விடுப்பில் மட்டுமே வீட்டுக்கு வருகிறார் என்றும், பிள்ளைகளுக்குச் செபம் சொல்லித் தருவதும் அவர்களை மறைக்கல்விக்கு அனுப்புவதும் தாயின் வேலை என்று அவர் கருதுகிறார் என்றும் எழுதியிருக்கிறார். திருச்சபை அப்படிக் கருதவில்லை. குழந்தைக்குத் திருமுழுக்கு கொடுக்கும்போது முதலில் குருவும் பிறகு பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அதன் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைகிறார்கள். சடங்கின் முடிவில் தாய்க்கு ஓர் ஆசியும் தந்தைக்குத் தனியே ஓர் ஆசியும் உண்டு. மனைவியோடு சேர்ந்து அந்தப் பிள்ளைக்கு விசுவாசத்தின் முதல் ஆசிரியராகச் சொல்லாலும் செயலாலும் அவர் விளங்க வேண்டும் என்பதே தந்தைக்கான அந்த ஆசியின் பொருள். அன்றைக்கு அந்தச் சகோதரியின் கணவரும் அங்கே நின்று 'ஆமென்' சொல்லியிருப்பார். விருந்து ஏற்பாட்டு மும்முரத்தில் கவனித்திருக்கமாட்டார்.

நம் ஆண்கள் பலருக்கு மனப்பாடமாக இருக்கும் இறைவார்த்தை, கணவர் மனைவிக்குத் தலையாக இருக்கிறார் என்று எபேசியர் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் வருவதுதான். ஆனால் அதற்குச் சற்று முன்னால், 21ஆம் வசனத்தில், ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்று பவுல் எழுதுகிறார். சற்றுப் பின்னால், கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோலக் கணவர் அன்பு செலுத்த வேண்டும் என்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே, பிள்ளைகளுக்குச் சினமூட்ட வேண்டாம் என்று தந்தையருக்கு அறிவுரையும் வருகிறது. தலைமை என்பதை அதிகாரமாக மட்டும் படிக்கிறவர்கள் நடுவில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

1981ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குடும்பத்தைப் பற்றி வெளியிட்ட ஊக்கவுரையில், குடும்பத்தில் தந்தையின் இடத்தை வேறு எவராலும் நிரப்ப முடியாது என்கிறார். தந்தை இல்லாமற்போவது பிள்ளைகளைப் பாதிப்பதுபோலவே, வீட்டிலிருந்துகொண்டு அடக்கி ஒடுக்கும் தந்தையின் இருப்பும் பாதிக்கிறது என்று அதே பகுதியிலேயே சேர்த்துச் சொல்கிறார். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸும் இதையே வலியுறுத்தினார்: தந்தை உடனிருக்க வேண்டும், ஆனால் உடனிருப்பது கட்டுப்படுத்துவதாகிவிடக் கூடாது.

வேலூர்ப் பக்கத்தில் இந்த உடனிருப்பு எளிதான காரியமன்று. கம்மவான்பேட்டையைப் போலத் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் இங்கே உண்டு. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களும் எங்கள் பங்கிலேயே (எங்கள் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் நடுவிலேயே) பலர் இருக்கிறார்கள். உள்ளூரில் இருப்பவர்களுக்கோ ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளின் ஷிப்டு முறை. (சம்பள நாளன்று டாஸ்மாக்கில் தங்கிவிடும் தந்தையரைப் பற்றி எழுதினால் அதுவே தனிப் பதிலாகிவிடும்.) என் தந்தை தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவர் வந்து, கையை எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் போகாத தோல் வாடையோடு பாயில் உட்காரும்போது, அம்மா ஜெபமாலையை ஏறக்குறைய முடித்திருப்பார். மாதாவின் மன்றாட்டு மாலைதான் மிச்சமிருக்கும். 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று அவர் எங்களோடு பதில் சொல்வார், சில நாள் பாதியிலேயே கண்ணயர்ந்துவிடுவார். அவர் எங்களுக்கு மறைக்கல்வி எதுவும் நடத்தவில்லை. ஆனாலும் செபம் பெண்களின் காரியம் என்ற எண்ணம் எனக்கும் என் தம்பிக்கும் வராமல் போனதற்கு அந்தச் சில நிமிடங்களே காரணம் என்று நம்புகிறேன்.

இயேசுவை வளர்த்த தந்தையான புனித சூசையப்பர் பேசிய ஒரு சொல்கூட நற்செய்திகளில் இல்லை. அவர் செய்தவைதான் இருக்கின்றன: கனவில் கட்டளை கேட்டு இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் எகிப்துக்கு அழைத்துச் செல்கிறார்; பன்னிரண்டு வயதுப் பிள்ளை காணாமற்போனபோது மரியாவோடு சேர்ந்து தேடி எருசலேமுக்கே திரும்புகிறார். திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்) அவரை அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலராக 1870இல் அறிவித்ததன் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2020 டிசம்பர் 8 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட மடலில், குழந்தையைப் பெற்றுவிடுவதால் மட்டும் ஒருவர் தந்தையாகிவிடுவதில்லை, அதைப் பேணும் பொறுப்பை ஏற்கும்போதே தந்தையாகிறார் என்கிறார். பிள்ளையின் வாழ்க்கையைத் தந்தையே வாழ்ந்துவிடப் பார்க்கக் கூடாது என்றும் அதில் எச்சரிக்கிறார். பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே பிள்ளையைக் கேளாமல் பொறியியல் கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிடுகிறவர்கள் படிக்க வேண்டிய பகுதி அது.

பழியை ஆண்கள்மேல் மட்டும் போடுவதும் நியாயமன்று. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தை ஆண்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் வைத்துவிட்டு, புதுநன்மை (முதல் நற்கருணை) வகுப்புக்கான பெற்றோர் கூட்டத்துக்கு 'அம்மாவை வரச் சொல்' என்று பிள்ளையிடம் சொல்லியனுப்பும் பங்குகளும் இருக்கின்றன.

உங்கள் கணவர் எல்லையில் இருந்தாலும் செய்யக்கூடியவை உண்டு. அலைபேசியில் பேசும்போது மதிப்பெண்ணை மட்டும் விசாரிக்காமல், ஞாயிறு நற்செய்தி என்னவென்று பிள்ளையிடம் கேட்கலாம். சிக்னல் கிடைக்கும் இரவுகளில் ஜெபமாலையில் ஒரு பத்து மணிகளையாவது உங்களோடு சேர்ந்து சொல்லலாம். விடுப்பில் வந்திருக்கும்போது பிள்ளைகளைத் திருப்பலிக்கு அவரே அழைத்துப் போகலாம். அவர் இல்லாத நாள்களில் உங்கள் வளர்ப்பு குறையுள்ளதாகிவிடுமோ என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். சலேசியத் துறவற சபையை நிறுவியவரும், அச்சபையார் வழியாக நம் மறைமாவட்டத்துக்கு மிகவும் நெருக்கமானவருமான தொன்போஸ்கோ, இரண்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்து, தாய் மார்கரீத்தாவின் வளர்ப்பில் புனிதரானவர். ஆனால் அந்தத் தாய்க்கு வேறு வழியிருக்கவில்லை. உங்கள் கணவர் உயிரோடிருக்கிறார், போனில் கிடைக்கிறார். ஆகவே இந்தப் பதிலை அவருக்கே அனுப்பிவிடுங்கள்.